மாடி இல்லாத வீடு

தோட்டப்பாளையத்து வீட்டுக்குப் பத்தொன்பது படி.
பதினொன்றாவது மட்டும் ஒரு விரற்கடை உயரம்,
கொத்தனாரின் கணக்குப் பிசகு.
முப்பத்திரண்டு வருஷம் அதை
என் முட்டி மனசில் வைத்திருந்தது.
போன தை மாதம் பேச ஆரம்பித்தது.

"இடிச்சு சரி பண்ணிடலாம்" என்றார் வேதமாணிக்கம்.
"எதை? படியையா, முட்டியையா?"
பிரம்மபுரத்தில் வீடு பார்த்தோம்.

மாடியில் நாங்கள் இருந்த நாள் குறைவு.
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் இருந்தார்கள்,
மால்டா, சில்சார், சிட்டகாங்.
பத்து நாள் என்று சொல்லிப் பத்து மாதம்.
கடுகெண்ணெய் வாசம் படியிறங்கி வந்து
என் ரசத்தில் உட்காரும்.
ஜோல் என்றால் தண்ணீர்,
ஜோர் என்றால் காய்ச்சல்,
வித்தியாசம் பிடிபட ஒரு வருஷம் ஆனது.
"பாலோ" என்று யாராவது இறங்கி வந்து சொன்னால்
அந்த வாரம் வாடகை கேட்பதில்லை.
ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்தாலும் கேட்பதில்லை.

பரணைக் காலி செய்தபோது
ஒற்றைத் தாங்குகட்டை ஒன்று இருந்தது.
குணமாகிப் போனவர் விட்டுப்போனதா,
இனி வேண்டாம் என்று
கூட வந்தவர் விட்டுப்போனதா,
கட்டையைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.
எக்ஸ்ரே உறை நான்கு.
அவர் ஒன்றை உருவி ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.
யாருடைய விலாவுக்கோ பின்னால்
மொட்டை மலை தெரிந்தது.
"யார் நெஞ்சுன்னே தெரியாம
எப்படித் தூக்கிப் போடறது" என்றார்,
எங்கள் கல்யாண பீரோவை
ஒரு நிமிஷம் யோசிக்காமல் எடைக்குப் போட்ட மனுஷன்.

குட்டி யானை மூன்று நடை போனது.
தம்மாமிலிருந்து மகன் வீடியோவில் பார்த்தபடி
அதையும் ஏத்துங்க, இதை விட்டுடாதீங்க என்றான்.
போனில் பார்த்தால் எதற்கும் கனம் கிடையாது.
பாலாற்றுப் பாலத்தில்
வண்டிக்காரப் பையன் மெத்தை மேல் மல்லாந்து
வாய்விட்டுப் பாடிக்கொண்டே போனான்.

புது வீட்டில் எல்லாம் கைக்கெட்டும்.
கட்டிலிலிருந்து அடுப்பு பதினான்கு எட்டு.
அடுப்பிலிருந்து கொல்லைக் கதவு ஆறு.
முட்டி வாயை மூடிக்கொண்டது.
ஒரே ஒரு சங்கடம்,
சண்டை போட இடமில்லை.

அங்கே கோபம் வந்தால் மாடிக்குப் போவார்.
பதினொன்றாவதில் தடுக்கும். "சே!"
அதிலேயே பாதி இறங்கிவிடும்.
மீதியை மேலே யாரிடமாவது
பாஷை தெரியாமல் பேசித் தீர்த்துவிட்டு
காப்பி நேரத்துக்கு வருவார்.
இங்கே கேட் வரைக்கும் போகிறார்.
தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறார்.
திரும்பி வருகிறார்.
இத்தனை வருஷம் மாடிக்குத் தூக்கிப்போன ஒவ்வொன்றையும்
எதிரெதிரே உட்கார்ந்து முடிக்க வேண்டியிருக்கிறது.
நேற்று வளையல் விஷயம் வந்தது,
தளம் போட அடகு வைத்து
மீட்காமல் விட்ட நாலு வளையல்.
"மறந்துட்டேன்னு நினைச்சியா?" என்றார்.
ஆமாம், அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவர்
கூடத்து நடுவில் நின்று
வலது காலைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கினார்,
இல்லாத படிக்கு.
சிரிப்பு வந்தது. தூங்குவதுபோல் இருந்துவிட்டேன்.
காட்பாடியில் ஒரு வண்டி வந்து நின்றது.
"ஹவுரா வண்டி" என்றார் இருட்டில்,
நான் விழித்திருப்பது தெரிந்தே.
"யாராவது வருவாங்க."

வந்தால் எங்கே தங்கவைப்பது என்று
கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.
கதவுக்குப் பின்னால் தாங்குகட்டை சாய்ந்திருந்தது.
இரண்டாம் நடையில் போர்வைக்குள் சுருட்டி
நான்தான் ஏற்றினேன், அவருக்குச் சொல்லவில்லை.
பகலில் அக்குளில் வைத்து
அளந்து பார்த்தாயிற்று.
என் உயரத்துக்கு ஒரு விரற்கடை கூடுதல்.